கோடை வார இறுதிப் பயணங்கள்: கணவனும் மனைவியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட விடுப்பு எடுக்க முடியாத கணவன் மனைவிக்குக் கோடை என்பது வார இறுதிகளின் தொகுப்புதான். மூன்று மாதக் கோடையில் மொத்தம் 13 வார இறுதிகள் கிடைக்கும். பெற்றோரைப் பார்ப்பது, உடன்பிறந்தவர் வீட்டுக்குப் போவது, இருவருமாக எங்காவது ஓர் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது என அத்தனையையும் அந்த 13-க்குள் அடக்கப் பார்க்கிறோம். நானும் என் கணவரும் ஏழெட்டு ஆண்டுகளாக இப்படிக் காரில் போய் வந்துகொண்டிருக்கிறோம். எங்கள் தவறுகளில் பெரும்பாலானவை சாலையில் தொடங்கியவை அல்ல என்பதையும், வீட்டில் உட்கார்ந்து நேரக் கணக்குப் போட்டபோதே தொடங்கியவை என்பதையும் உணர எங்களுக்குச் சில கோடைகள் தேவைப்பட்டன.

முதல் தவறு, தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிக்கு வீடு திரும்பினால் நம் கையில் இருப்பது 51 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 16 மணி நேரம் போய்விடும். 250 கிலோமீட்டர் தொலைவுக்குக் கைப்பேசியின் வரைபடம் நான்கு மணி நேரம் என்று காட்டினாலும், வழியில் நிறுத்துவது, எரிபொருள் நிரப்புவது, சாப்பிடுவது, நெரிசலில் ஊர்வது எல்லாம் சேர்ந்தால் ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். போக வர 11 மணி நேரம். மிஞ்சுவது 24 மணி நேரம். குளியலும் சாப்பாடும் பையைக் கட்டுவதும் பிரிப்பதும் போக, பார்க்கப் போனவரோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசக் கிடைப்பது அதில் பாதி இருந்தால் அதிகம். இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமல், “போகிற வழியில்தானே இருக்கிறது” என்று இன்னொரு வீட்டையும் ஒரு சுற்றுலா இடத்தையும் அந்தப் பாதிக்குள் திணிக்கும்போது எதற்குமே நேரம் போதாமல் போகிறது.

இழந்த நேரத்தை வேகத்தில் பிடித்துவிடலாம் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. 250 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க மூன்று மணி எட்டு நிமிடம் ஆகும். அதே தூரத்தை 90-இல் கடந்தால் 2 மணி 47 நிமிடம். வழியெல்லாம் நிற்காமல் ஓட்டினாலும் மிச்சமாவது 21 நிமிடம்தான். இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புவதற்குச் சோம்பல்பட்டு, அதற்கு ஈடாக முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வெள்ளி இரவும் தூக்கமும்

வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. சனிக்கிழமை காலை கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அதற்காக என் கணவர் தன் களைப்பை ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. அப்படிப் போன ஓர் இரவில், மணி 11-ஐத் தாண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் கீழே தடதடவென்று ஒரு சத்தம் எழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருந்த ஜல்லியில் வண்டி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் இருந்தன. கண்களும் திறந்துதான் இருந்தன. நான் கத்திய பிறகுதான் அவர் திடுக்கிட்டு வண்டியைத் திருப்பினார். தான் தூங்கியதே தனக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். ஓரிரு நொடி முதல் சில நொடிகள் வரை மூளை தானாகவே உறங்கிப்போகும் நிலை அது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடி கண் அயர்ந்தால் 100 மீட்டர் தூரத்துக்கு வண்டியை ஓட்ட ஆளில்லை.

காலை 6 மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் வேலை பார்த்து, இரவு 11 மணிக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவரின் கவனமும் எதிர்வினை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய நிலைக்கு ஏறக்குறைய இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குடித்துவிட்டு ஓட்டுவதைக் கனவிலும் நினைக்காதவர்கள் இதை மட்டும் சாதாரணமாகச் செய்கிறோம். கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வது போன்றவை சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு 15 அல்லது 20 நிமிடம் தூங்குவதே உண்மையான மருந்து. காபி குடிப்பதாக இருந்தால் அந்தத் தூக்கத்துக்கு முன்பே குடித்துவிட வேண்டும். அது வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

உடலின் இயற்கையான கடிகாரத்தில் பின்னிரவு 2 முதல் காலை 6 மணி வரையிலும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையிலும் தூக்கம் அழுத்தும். ஆகவே, நள்ளிரவுக்கு மேல் கிளம்புவதும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வெயிலில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் ஒன்றுக்கொன்று சளைத்த தவறுகள் அல்ல. அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு வீட்டிலேயே தூங்கி, சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். அம்மா வீட்டில் கண் விழிக்கும் காலை ஒன்று குறைந்தது உண்மைதான். அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன்.

இங்கே பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று அது என் தவறும்கூட. ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்குவதோ கைப்பேசியில் மூழ்குவதோ இரவுப் பயணத்தில் கூடாது. வழி பார்ப்பது, அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுவது, ஓட்டுபவர் அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா என்று கவனிப்பது எல்லாம் பக்கத்தில் இருப்பவருடைய பொறுப்பு. இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால், களைத்த பிறகு மாறிக்கொள்வதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே நல்லது. களைத்தவர் தனக்குக் களைப்பு என்று ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பது ஆபத்து. பணத்தைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் மனதில் தேங்கிக் கிடக்கும் பேச்சுகளை, எழுந்து போக முடியாத அந்த மூடிய காருக்குள் எடுக்காமல் இருப்பதும் பக்கத்து இருக்கைக்காரர் செய்யக்கூடிய உதவிதான்.

டயரும் வெயிலும்

வெயில் காலத்தில் டயருக்குள் காற்று விரிவடையும், அதனால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தே காற்றடிக்க வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். நானும் நம்பினேன். உண்மை இதற்கு நேர் எதிரானது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கம் உண்டாக்கும் சூடுதான் டயரை உள்ளுக்குள் பலவீனமாக்கி, வேகத்தில் போகும்போது வெடிக்கவைக்கிறது. வெப்பம் ஏறத்தாழ ஐந்தரை டிகிரி கூடினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பது சரியே. ஆனால் வண்டித் தயாரிப்பாளர் சொல்லும் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டிய அளவு. ஓடும்போது ஏறும் அழுத்தத்தையும் கணக்கில் கொண்டே அதை வகுத்திருக்கிறார்கள். ஆகவே காலையில் வண்டியை எடுத்தவுடன், ஓரிரு கிலோமீட்டருக்குள் காற்றைப் பார்த்துவிட வேண்டும். பாதி வழியில் சூடான டயரை அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடக் கூடாது.

அளவைப் பார்க்க வேண்டிய இடம் ஓட்டுநர் கதவருகே உள்ள ஒட்டுத்தாள். சில வண்டிகளில் அது எரிபொருள் மூடியின் உட்புறம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு என்பதால் அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருக்கும்போது பின் சக்கரங்களுக்கு வேறு அளவு தேவைப்படலாம். அதுவும் அதே ஒட்டுத்தாளில் இருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்கிறது: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டியில் பட்டன்கள் தேயாமல் டயர் புதிதுபோலவே தெரிந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பஞ்சரான பிறகு பார்ப்பதால் பயனில்லை.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலேறினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கொடிய தவறு. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடி திறந்த நொடியில் அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்திருந்துதான் பக்கத்தில் போக வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி கூடிவிடும். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் ஒரு மணி நேரத்தில் உள்ளே 55-ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. குழந்தையையோ முதியவரையோ “இதோ வந்துவிடுகிறேன்” என்று உள்ளே விட்டுப் போவது ஒரு நிமிடத்துக்குக்கூடக் கூடாது. மருந்துகளை நாம் மறந்துவிடுகிறோம்: பெரும்பாலான மாத்திரைகளை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். இன்சுலின் எடுத்துச் செல்பவர்கள் அதை ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டிவைப்பதும் தவறு, ஏனெனில் உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றி, குளிர்ப்பையில் வைத்து, இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது

இத்தனை தவறுகளிலும் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. “8 மணிக்கு வந்துவிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்குப் போய் நின்றிருக்கிறோம். ஒருமுறை கதவைத் திறந்த மாமனார் வாசல் விளக்கை அணைக்கவே இல்லை என்பதையும், மேசையில் எங்களுக்கான தட்டுகளோடு அவர்கள் இருவருடைய தட்டுகளும் கவிழ்த்தபடியே இருந்ததையும் பார்த்தேன். அவர் சர்க்கரை நோயாளி. எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். அன்று முதல் நாங்கள் நேரத்தைச் சொல்வதில்லை. “நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், நாங்கள் எப்போது வந்தாலும் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்” என்று சொல்லி, பாதி வழியில் நிறுத்தும்போது ஒருமுறை அழைத்துச் சொல்கிறோம். எப்போது வருவோம் என்பதைவிட எப்போது கிளம்புவோம் என்பதை முன்கூட்டியே சொல்வது முக்கியம். கடைசி நேரத்தில் தெரியவந்தால், கிளம்பும் வேளையில்தான் ஏமாற்றமும் கண்ணீரும் வரும்.

இரு வீட்டுக்கும் சமமாகப் போகிறோமா என்று எண்ணிக்கையை வைத்துப் பார்ப்பதும் சரியல்ல. ஒரு வீடு 40 கிலோமீட்டரிலும் மற்றொன்று 300 கிலோமீட்டரிலும் இருந்தால், மாதத்துக்கு ஒருமுறை என்ற சமத்துவம் யாருக்கும் நியாயம் செய்யாது. தொலைவில் இருப்பவர்களிடம் போவது குறைவாக இருந்தாலும், போகும்போது ஒரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு தங்கலாம். அருகில் இருப்பவர்களை ஒரு பிற்பகலில் பார்த்துவிட்டு வரலாம். வர முடியாது என்று சொல்ல வேண்டிய வாரத்தில், அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் என் கணவரைச் சொல்லவைத்தால் அந்த மறுப்பு அவர் பெயரிலேயே நின்றுவிடும்.

பெரியவர்களை வெளியே அழைத்துப் போவதில் நல்லெண்ணமே தவறாக முடிவதுண்டு. வயதாக ஆகத் தாக உணர்வு மங்குகிறது. தாகம் இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கும், உடலில் நீர் குறைந்திருப்பதும் உண்மையாக இருக்கும். நீர் பிரியவைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கேட்காமலே தண்ணீரை நீட்ட வேண்டும். முற்பகல் 11 மணிக்கு மேல் நிழலில்லாத இடத்தில் நடக்கவைக்கக் கூடாது. பேச்சில் குழப்பமும் உடலில் கடும் சூடும் தெரிந்தால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று பொறுக்காமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறியபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

திரும்பும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வைப்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறோம். அதனால்தான் அந்த நேரத்துச் சாலை அப்படி இருக்கிறது. மேற்கு நோக்கிய பாதை என்றால் சாயும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். இருக்கும் வரை இருந்துவிட்டு நள்ளிரவில் வீடு சேர்ந்தால் திங்கட்கிழமை அலுவலகத்தில் உடல் மட்டும்தான் இருக்கும். நாங்கள் இப்போது ஞாயிறு காலை 6 மணிக்கே கிளம்பிவிடுகிறோம். மதியத்துக்குள் வீட்டில் இருக்கிறோம். பையில் உள்ள துணிகள் துவைக்கப் போய்விடுகின்றன. இருவரும் ஒரு மணி நேரம் தூங்குகிறோம். தூங்கப் போவதற்கு முன், வந்து சேர்ந்துவிட்டோம் என்று அழைத்துச் சொல்வதை மட்டும் ஒத்திவைப்பதில்லை. அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.