பழைய மேப்பா, புதிய மேப்பா: ஒப்பிடும்போது விடும் பிழைகள்

பின்னேரம் ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கை மதகில் பெடியள் கூடினால், போனில் சுட்டு விளையாடும் பப்ஜி கதைதான். "எரங்கெல் மாதிரி வருமே மச்சான்? லிவிக் எல்லாம் ஒரு மேப்பே?" என்று ஒருவன் தொடங்கினால் இருட்டும்வரை முடியாது. மேப் என்றால் ஆட்டம் நடக்கும் நிலப்பரப்பு; எரங்கெல் பழையது, லிவிக் பிறகு வந்தது. அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் பிழைகள் இவை.

முதலாவது, பரப்பை மட்டும் பார்ப்பது. எரங்கெல் 8 கிலோமீற்றருக்கு 8, அதில் 100 பேர். லிவிக் 2க்கு 2, அதில் 52 பேர். வகுத்துப் பாருங்கள்: எரங்கெலில் சதுர கிலோமீற்றருக்கு இரண்டு பேர்கூட இல்லை, லிவிக்கில் 13 பேர். அங்கே ஆறுதலாகத் துவக்கும் மருந்தும் பொறுக்கலாம், இங்கே கதவைத் திறக்கவே வெடி விழும். நோக்கமே வேறு.

பரப்பைவிட மறைப்புத்தான் பெரிய விசயம். 2021இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2042 என்ற இன்னொரு சுடும் ஆட்டம், கணினியில் 128 பேரை ஒரே ஆட்டத்தில் இறக்கியது. மேப்புகளும் பெருத்தன, ஆனால் ஒதுங்க இடம் காணாது. பரந்தன் வயல்வெளியை நடுமத்தியானம் குறுக்கறுத்து நடந்தவருக்கு இது விளங்கும்: எந்த வரம்பில் நின்று பார்த்தாலும் ஆள் தெரியும். ஆட்டக்காரர்கள் குறைப்பட, அடுத்த வருடம் அதிலுள்ள கலைடாஸ்கோப் மேப்பைத் திருத்தி மறைப்புகளைக் கூட்டினார்கள். அடுத்த ஆட்டத்தில், மறைவே இல்லாமல் எத்தனை செக்கன் ஓடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். இரண்டு மேப்பிலும் எண்ணிவிட்டு வாதாடுங்கள்.

'பழையது' என்பது எது என்றும் கேட்கவேண்டும். போனில் வரும் எரங்கெலையே 2020 செப்ரெம்பரில் புதுப்பித்து, அகழிகளையும் கைவிட்ட டாங்கிகளையும் சேர்த்தார்கள். பலர் பழையது என்று கட்டிப்பிடிப்பது அந்தப் புதியதைத்தான்.

இரவு எட்டு மணிக்கு நெற்வேர்க் இழுபட, பிங், அதாவது நெற்வேர்க் சுணக்கத்தைக் காட்டும் எண், சிவப்பாகும். அந்தத் தோல்வியை மேப்பின் தலையில் போடாதீர்கள்.

கடைசியாகச் சத்தம். எங்கள் வீடுகளில் வெடிச்சத்தத்தோடு விளையாட முடியாது. யுத்தகாலத்தில் பங்கருக்குள் பதுங்கி இருந்த அம்மாவின் முகம் அந்த நொடியே மாறிவிடும். அதனால் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு விளையாடுகிறோம். பிறகு "எதிரி திடீரெண்டு வாறான், மேப் சரியில்லை" என்கிறோம். பலகைத் தளத்தில் நடப்பதும் புல்லில் நடப்பதும் வேறுவேறு சத்தம். ஹெட்செட்டை மாட்டி அதைக் கேட்டபிறகு சொல்லுங்கள், எந்த மேப் நல்லது என்று.