மேஜையில் ஓடும், பேனலில் ஓடாது: வேலையிடத்தில் ஐஓடி சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் பலருக்கும் சேர்த்து ஒரு காபி மெஷின் இருந்தது. வேறு மாடியில் இருப்பவர் படி இறங்கி வந்து பார்த்தால் ஜாடி காலியாக இருக்கும். நொந்துபோன ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேமராவை ஜாடிக்கு நேராக நிறுத்தி, 128-க்கு 128 புள்ளி அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தங்கள் திரையின் மூலையில் வரவழைத்தார்கள். 1993-ல் அது இணையத்துக்கும் வந்தது. 2001-ல் நிறுத்தும்வரை உலகமே அந்த ஜாடியை எட்டிப் பார்த்தது.

ஐஓடி (கருவிகளை நெட்வொர்க்கில் இணைப்பது) என்ற பெயரில் வேலையிடத்தில் தானே ஒரு சென்சாரை மாட்டிப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அந்த ஜாடிதான் பாட்டன். (1982-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோக் மெஷினை நெட்வொர்க்கில் சேர்த்தவர்கள் கொள்ளுப்பாட்டன் என்று சண்டைக்கு வரலாம். வரட்டும்.) அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: காபி இருக்கிறதா? பதிலைப் பொறுத்து எழுந்து போவார்கள், இல்லையென்றால் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கோவையில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சென்சார் மாட்டக் கிளம்பியபோது என்னிடம் கேள்வியே இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள குட்டிக் கணினி போர்டு கிடைக்கிறது, யூடியூபில் பாடம் கிடைக்கிறது, அப்புறம் என்ன? ஆறு இடங்களில் வெப்பநிலை, ஈரப்பதம் அளந்து, ஆபீஸ் டிவியில் வண்ண வண்ணமாக டேஷ்போர்டு போட்டேன். இரண்டு வாரம் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அதே டிவியில் கிரிக்கெட் ஓடியது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அந்த எண்களை வைத்து யாரும் எதையும் மாற்றப் போவதில்லை.

பிறகு ஒருநாள் மூத்த ஃபிட்டர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ராத்திரில கம்ப்ரஸரு சும்மா ஓடுதான்னு இதுல தெரியுமுங்களா?" இரண்டு ஷிஃப்ட் முடிந்து ராத்திரி 10 மணிக்கு எல்லா மெஷினும் நின்றுவிடும். காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் கம்ப்ரஸரை மட்டும் யாரும் அணைப்பதில்லை. காற்று எங்காவது கசிந்தால் அது விடியவிடிய நிரப்பிக்கொண்டிருக்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், ஏறத்தாழ 3 கிலோவாட் வீணாகும். பதில் "ஆமாம்" என்றால் ஒருவர் ஒரு வால்வை மூடுவார். கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும். கேள்வி வருவதற்கு முன்னால் போர்டு வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளை எல்லாம் அந்தக் கம்ப்ரஸரை வைத்தே செய்து முடித்தேன்.

பேனலுக்குள் இருப்பது உங்கள் மேஜை அல்ல

மேஜையில் லேப்டாப் யூஎஸ்பியில் ஓடிய போர்டு, மெஷினின் மின் இணைப்புகள் இருக்கும் பேனல் பெட்டிக்குள் போனதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது. மூன்று நாள் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். தப்பு நிரலில் இல்லை. ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் நொடியில் சில நூறு மில்லி ஆம்பியரைத் திடீரென்று இழுக்கும். 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நான் கொடுத்ததோ பழைய போன் சார்ஜர். பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு கணம் தலைகுனியும், அந்த ஒரு கணத்தில் போர்டு மயங்கி விழும். பேனல் ரெயிலில் மாட்டுகிற நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றைப் போட்டதும் அது அடங்கியது.

அடுத்தது சிக்னல். இரும்புத் தகடால் மூடிய பெட்டிக்குள் வைஃபை போர்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் சிக்னல் எப்படி வரும்? வெளியே ஆன்டெனா இழுக்கிற வசதியுள்ள போர்டாக வாங்குங்கள். அந்த ஈஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் ரூட்டர் அதன் கண்ணுக்கே படாது.

கரன்ட் அளக்கக் கிளாம்ப் போல மாட்டும் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கியிருந்தேன். மோட்டாருக்குப் போகும் முழுக் கேபிளையும் சேர்த்து மாட்டினேன். கம்ப்ரஸர் உறுமுகிறது, திரையில் சுழியம். மூன்று ஃபேஸ் வயரும் ஒன்றாகப் போகும்போது அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒரே ஒரு வயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அதைச் சரிசெய்த பிறகும் ரீடிங் வரவில்லை. அந்தச் சிப்பில் அனலாக் அளவை எண்ணாக மாற்ற ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. வைஃபை ஓடும்போது ஏடிசி2-ன் பின்கள் அளவைப் படிக்காது. வயரை ஏடிசி1 பின்னுக்கு மாற்றியதும் வந்துவிட்டது.

இதில் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. பேனலில் ஏற்கெனவே 5 ஆம்பியர் சிடி இருக்கிறதே, அதிலிருந்து ஒரு வயரை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மெயின் லைனில் கரன்ட் ஓடும்போது சிடியின் செகண்டரியை (மீட்டருக்குப் போகும் பக்கத்தை) இணைப்பில்லாமல் திறந்துவிட்டால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வோல்டேஜ் எகிறும். பேனலைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. நாம் தள்ளி நின்று டார்ச் பிடிக்கலாம்.

அளப்பது வேறு, இயக்குவது வேறு

எண்கள் வர ஆரம்பித்ததும் கை அரிக்கும். "போனிலிருந்தே ஆன், ஆஃப் பண்ணலாமே!" போர்டின் சிக்னலுக்கு ஸ்விட்ச் போடுகிற நீல நிற ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கமான கரன்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். திரையில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்சின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும்.

அதைச் சரியாகச் செய்தாலும் தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் வீட்டில் சோபாவில் இருந்து பட்டனைத் தட்டும்போது, அங்கே ஒருவர் பெல்ட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பை வைஃபை வழியாகக் கொண்டுபோவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது வயரில்தான் இருக்க வேண்டும், யாருடைய நிரலையும் கேட்காமல் வேலை செய்ய வேண்டும்.

எண் வந்தால் உண்மை வந்துவிடாது

கம்ப்ரஸரின் எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க டிஎஸ்18பி20 சென்சார் வைத்தேன். அவ்வப்போது சரியாக 85 டிகிரி என்று காட்டி எல்லாரையும் பதற வைத்தது. பவர் வந்தவுடன் அந்தச் சென்சாரின் நினைவில் இருக்கும் எண் 85. அளந்து முடிக்கும் முன் படித்தால் அதுதான் கிடைக்கும். வயர் விட்டுப்போனால் பலரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ லைப்ரரி (தயார் நிரல்) மைனஸ் 127 என்று தரும். அதை வடிகட்டாமல் சராசரி எடுத்தால் உங்கள் கம்ப்ரஸர் ஊட்டியில் இருப்பது போலத் தெரியும். டிஹெச்டி11 என்ற ஈரப்பத சென்சார் இன்னொரு வகை. ஈரப்பதத்தில் 5 சதவீதம் கூடவோ குறையவோ காட்டும் என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது. நூற்பாலையில் அதை நம்பி முடிவெடுத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் என் பெரிய தப்பு சென்சாரில் இல்லை, கடிகாரத்தில். போர்டு இணையத்திலிருந்து வாங்கிய நேரம் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி, அதாவது 19,800 நொடி கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. விளைவு, ராத்திரி 10 மணிக்கு முடிகிற வேலை மாலை 4:30-க்கே படுத்துவிட்டதாக வரைபடம் சொன்னது. முதலாளி இரண்டாம் ஷிஃப்ட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "சாயங்காலம் ஆனா மெஷின் ஓடறதே இல்லையாமே?" என்று கேட்டுவிட்டார். காலை ஷிஃப்ட் நள்ளிரவு 12:30-க்கு ஆரம்பிப்பதாகவும் அதே வரைபடம் சொன்னது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். வரைபடத்தை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால், ஒருநாள் முழுக்க நோட்டும் பேனாவுமாக மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ குடித்தார். பேசச் சில வாரம் ஆனது.

ஆட்கள் விஷயத்தில் அதற்கு முன்பே கோட்டைவிட்டிருந்தேன். யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வேலை சுலபம் என்று, ஒரு லேத்தில் அதிர்வு சென்சாரை ஒட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் புதிதாக ஒரு பெட்டி லைட் மின்னிக்கொண்டிருந்தால் அங்கே நிற்பவர் என்ன நினைப்பார்? பாத்ரூம் போகிற நேரத்தையும் கணக்கெடுக்கிறார்கள் என்றுதான். அந்த வாரம் லேத் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியதாகப் பதிவானது. போய்ப் பார்த்தால் சென்சார் பெடஸ்டல் ஃபேன் மேல் இருந்தது. யார் எடுத்து வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த முறை என்ன அளக்கிறோம், யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, சென்சார் வைக்கும் இடத்தையும் அவர்களையே காட்டச் சொன்னேன். எந்த இடத்தில் கூலன்ட் தெறிக்காது என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆபீஸ் வைஃபையில் அப்படியே கோர்ப்பது

2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்துப் படை திரட்டியது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியல் போதுமாக இருந்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. எனவே சம்பளக் கணக்கு இருக்கும் அதே நெட்வொர்க்கில் சென்சாரைச் சேர்க்காதீர்கள், தனி நெட்வொர்க் கேளுங்கள். ஐடி ஆட்களிடம் சொல்லாமல் செய்வது சுலபம்தான், அவர்கள் கண்டுபிடிக்கும் நாள் வரை. சென்சார் செய்திகளை வாங்கிப் பகிரும் சர்வரான எம்க்யூடிடி புரோக்கரைப் பாஸ்வேர்டு இல்லாமல் 1883 போர்ட்டில் இணையத்துக்குத் திறந்து வைப்பதும் அதே ரகம்.

அந்த எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை 1999-ல் உருவானதே எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கத்தான். இணைப்பு அறுந்து அறுந்து வரும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்டது. நாமோ வைஃபை எப்போதும் இருக்கும் என்று நம்பி, அளந்ததைப் போர்டில் சேமிக்காமலே விடுகிறோம். கிளவுடில், அதாவது இணையத்தில் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருப்பதும் நிரந்தரம் இல்லை. கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடியது. மூலையில் கிடக்கும் பழைய கணினியில் ஒரு நகல் விழட்டும்.

கம்ப்ரஸர் கதைக்கு வருகிறேன். நேரத்தைத் திருத்திய பிறகு தெளிவாகத் தெரிந்தது: ராத்திரி முழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை லோடு ஏறி இறங்கியது. ஃபிட்டர் ஒரு ராத்திரி எல்லாம் நின்ற பிறகு காதைத் தீட்டிக்கொண்டு குழாய் வழியே நடந்தார். ஏர் டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. மாற்றினார்கள். பத்து நாள் பார்த்தோம், ராத்திரி வரைபடம் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது.

போர்டு அங்கேயே இருக்கட்டும் என்று முதலாளி சொன்னார். அதை யார் பார்த்துக்கொள்வார்கள், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும், கெட்டுப்போனால் யார் மாற்றுவார்கள் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்தே கழற்றி, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.