லேப்டாப்பில் நாமே ராம் சேர்த்தால் வாரண்டி போய்விடுமா?

போன வருடம் என் லேப்டாப்பில் 8 ஜிபி ராமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். நான்கு மாதத்தில் கீபோர்டில் ஸ்பேஸ் பார் படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டர்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். "இதைத் திறந்திருக்கீங்களே சார், வாரண்டி கிடைக்காது" என்றார். கடைசியில் இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் பதினோரு நாள் அலைந்துவிட்டேன்.

1. இடம் இருக்கிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று அங்கேயே இருக்கும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ராமில் வகைகள் உண்டு, டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது, வாங்கும்போது கவனம்.

2. மாடல் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று தேடுங்கள். பெரிய கம்பெனிகள் பலவும் பிடிஎஃப்பாகவே போட்டிருக்கின்றன. எந்தப் பாகத்தை நாமே கழற்றலாம் என்று அதில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள். கவுண்டரில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

3. ஈமெயில் அனுப்புங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன், "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள், நம்பித் திறந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பேச்சுக்கு என்ன சாட்சி? இப்படி எழுதுங்கள்: "என் மாடல் இது, சீரியல் நம்பர் இது. நானே ராம் சேர்த்தால் மற்ற பாகங்களுக்கான வாரண்டி தொடருமா?" 'மற்ற பாகங்களுக்கான' என்பதை விட்டுவிடாதீர்கள். நாம் வாங்கிப் போடும் ராமுக்கு லேப்டாப் கம்பெனி பொறுப்பேற்காது. அதற்கான வாரண்டி ராம் தயாரித்தவரிடம், ஆகவே பில் பத்திரம். 'எங்கள் ஆள்தான் திறக்க வேண்டும்' என்று பதில் வந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

(வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் செல்லாது என்று மிரட்டுவது பற்றி 2018இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி ஆறு கம்பெனிகளை எச்சரித்தது. அதைக் காட்டி இங்கே வாதாடாதீர்கள், அந்த ஊர்ச் சட்டம் இங்கே செல்லாது.)

4. திறக்கும்போது அவசரம் வேண்டாம். பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருந்தது. அது தெரியாமல் நெம்பினேன். டக். ஒரு கிளிப் காலி. சர்வீஸ் சென்டர்காரர் கண்ணில் முதலில் பட்டதும் அந்த இடைவெளிதான். என்னைக் கேட்டால், திறப்பதைவிட உடைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் நம்மால் வந்த சேதத்துக்கு எந்த வாரண்டியும் உதவாது. எனக்கும் கீபோர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, 'அடிமூடிக்கு வாரண்டி இல்லை' என்று ரசீதில் எழுதிவிட்டார்கள்.

காந்த முனையுள்ள ஒரு நல்ல பிஎச்0 (சிறிய கூட்டல்குறி முனை) ஸ்க்ரூடிரைவர் போதும். முப்பது முனையோடு மலிவாக வரும் செட் வேண்டவே வேண்டாம், ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் கார்டு, இரும்பு எதுவும் கூடாது. மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ராம் மாட்டுவதெல்லாம் இரண்டு நிமிட வேலை.

5. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், சேர்த்ததைக் கழற்றிப் பழையபடி ஆக்குங்கள். இல்லையென்றால் எந்தக் கோளாறு வந்தாலும் பழி உங்கள் ராம்மீதுதான். உள்ளேயே விட்ட ராம் சர்வீஸிலிருந்து திரும்பி வருமா என்பது வேறு கவலை.

பின்சேர்க்கை: எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) மாற்றிய வாசகர்கள் இருவர், பழையதைத் திரும்ப மாட்டியதும் டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள். நான் ராம் மட்டும் மாற்றியதால் இதை யோசிக்கவில்லை. திறப்பதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். இன்னொருவருக்கு, வாரண்டி தொடரும் என்ற ஈமெயில் கையில் இருந்தும் சர்வீஸ் சென்டரில் மறுத்திருக்கிறார்கள். அப்படியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள், அந்த ஈமெயிலையும் இணைத்து.