கொழும்பில் நண்பர்களோடு தின்று, விளையாடி, கூத்தடிக்க வருபவர்கள் விடும் பிழைகள்

ஆகஸ்டிலும் டிசம்பரிலும் கொழும்பு நிறைந்துவிடும். லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் பிரிந்துபோன பள்ளிக்கூடச் செட்டுகள் திரும்பி வரும். சென்னையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இரண்டு மூன்று இரவுகள், நல்ல சாப்பாடு, கொஞ்சம் கசினோ. அண்மையில் ஒரு இளம் செட்டுக்கு இடம் காட்டப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் செட் விட்ட பிழைகளையே அவர்களும் ஒவ்வொன்றாக விட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டு கவனம், குடித்தால் வாகனத்தைத் தொடாதே, பிக்மீ செயலியில் வாகனம் பிடித்துப் போ என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போயாவைப் பார்க்காமல் திகதி குறிப்பது

போயா எனப்படும் பௌர்ணமி தினத்தில் மதுபானம் விற்பது தடை. டிக்கெட் போட முதல் கலண்டரைப் பாருங்கள்.

நுழைவு வரியைக் கணக்கில் சேர்க்காதது

இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் கால் வைக்கவே டொலர் கணக்கில் வரி கட்ட வேண்டும். 50 டொலராக இருந்ததை 2025இல் 100 ஆக்கினார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அது இல்லை. கனடாவிலிருந்து வந்தவன் நேரே உள்ளே போய்விட, கொழும்பிலேயே சம்பளத்துக்கு வேலை செய்யும் நண்பன் வாசலில் காசை எண்ணிக்கொண்டு நிற்பான். கூப்பிட்டது நீங்கள் என்றால் அவனுடைய வரியை நீங்கள் கட்டுங்கள். முடியாவிட்டால் அவனைக் கூப்பிடாதீர்கள். அந்த இரவை வேறெங்காவது கழியுங்கள்.

பொதுக்காசோடு மேசைக்குப் போவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

கூட்டமாக வருபவர்கள் முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒருவனிடம் கொடுப்பார்கள். அறை, வான், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். நல்ல ஏற்பாடு. ஆனால் காசை வைத்திருப்பவன் அதே பையோடு கசினோவுக்கும் வருகிறான். அந்தப் பொறுப்பு வழக்கமாக யாரிடம் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செட்டிலேயே இளகிய மனசுக்காரனிடம். யாரோடும் சண்டை பிடிக்காதவன் என்றுதான் அவனை நம்பிக் கொடுக்கிறார்கள். நண்பன் வந்து கை நீட்டும்போது அவனுக்கு மறுக்க வராது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருவன் ரூலெட்டில், அதாவது சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று காசு வைக்கும் ஆட்டத்தில், சிவப்பில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். சிவப்பு விழுந்தால் வைத்த அளவு இலாபம். தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பான். "ஒருக்கா சிவப்பு விழுந்தாக் காணும் மச்சான், போனதெல்லாம் திரும்பி வந்திடும்" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 ரூபாயில் தொடங்கினால் 500, 1,000, 2,000, 4,000, 8,000. ஐந்து தோல்வியில் போனது 15,500. ஆறாவதுக்கு 16,000 வேண்டும், ஏழாவதுக்கு 32,000. ஏழும் தோற்றால் 63,500 காலி. ஏழாவதில் வென்றால் கையில் மிஞ்சும் இலாபம் வெறும் 500 ரூபாய்.

ஒரு பூச்சியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள், அவற்றில் சிவப்பு 18. ஏழு சுற்றும் தொடர்ந்து சிவப்பு விழாமல் போவது ஏறக்குறைய 106இல் ஒரு தடவை நடக்கும். அரிதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் திரும்ப 500இலிருந்து தொடங்குகிறீர்கள். மணிக்கு 40 சுற்று என்று நாலு மணித்தியாலம் இருந்தால் அப்படி ஏறக்குறைய எண்பது தடவை தொடங்குவீர்கள். அந்த இரவிலேயே ஏழும் ஒன்றாக வந்து விழ அரைவாசிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு மேசையிலும் உச்ச வரம்பு உண்டு. இரட்டித்துக்கொண்டே போக உங்களிடம் காசு இருந்தாலும் மேசை விடாது.

ஆறாவது சுற்றோடு அவனுடைய சொந்தக் காசு முடிந்தது. பொதுக்காசு வைத்திருந்தவனிடம் வந்தான். "விடிய ஏரிஎம்மில எடுத்துத் தாறன்." கொடுத்தான். கறுப்பு விழுந்தது. "இப்ப விட்டா முதல் குடுத்ததும் போயிடும், இன்னும் ஒருக்கா." அதற்கும் கொடுத்தான். அதுவும் போனது.

அந்தச் செட்டில் இருவர் கசினோவுக்கே வரவில்லை. சூது வேண்டாம் என்று அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காசும்தான் அந்த மேசையில் போனது. அடுத்த நாள் நீர்கொழும்புக்குப் போய் மீன் சாப்பிடுவதாக இருந்த திட்டம் நின்றுபோனது. ஏரிஎம்மில் எடுக்க அவனுடைய கணக்கில் எதுவும் இருக்கவில்லை. தோற்றவனுக்கும் காசு வைத்திருந்தவனுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. தப்பே செய்யாத இருவரிடம் கேட்காமல் எடுத்த காசு அது. என்னால் பொறுக்க முடியாதது அதைத்தான்.

ஆகவே, வந்து இறங்கியதும் அறை வாடகையையும் வான் காசையும் முற்பணமாகக் கட்டிவிடுங்கள். கட்டிய காசை யாரும் கடன் கேட்க முடியாது. மிச்சம் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும், வங்கி அட்டைகளும் அதோடேயே. தோற்றாலும் பரவாயில்லை என்று முடிவு செய்த தொகையை மட்டும் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். உள்ளே யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்று ஹோட்டலை விட்டுப் புறப்பட முன்னமே எல்லாரும் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள். மேசையில் வைத்துச் சொன்னால் அது சண்டையில் முடியும்.

ஓசிச் சாப்பாடு என்று நம்புவது

விளையாடுபவர்களுக்கு உள்ளே சாப்பாடும் குடியும் காசில்லாமல் வரும். ஆனால் அதற்கான விலையை மேசையில் கட்டுகிறீர்கள். சுற்றுக்கு 1,000 ரூபாய், மணிக்கு 40 சுற்று என்றால் 40,000 ரூபாய் மேசையில் புரள்கிறது. ஒரு பூச்சியச் சக்கரம் அதில் சராசரியாக 2.7 வீதம், அதாவது ஆயிரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். இரண்டு பூச்சியம் என்றால் 5.26 வீதம், இரண்டாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு மணித்தியாலமும் இந்தக் கணக்கு ஓடும். உட்கார முன் சக்கரத்தில் பூச்சியத்தை எண்ணுங்கள்.

காசை விடுங்கள். கொழும்புக்கு வந்து பஃபே தட்டோடு எழும்பிப் போவது பெரிய இழப்பு. கொள்ளுப்பிட்டி பில்லாவூஸில் நடுச்சாமத்துக்குப் பிறகு, கல்லில் தகடு அடிபடும் சத்தத்தோடு சீஸ் போட்ட கொத்து ரொட்டி வரும். பின்னேரம் காலிமுகத்திடலில் கடல்காற்றில் நின்று, முழு இறால் பதித்த இஸ்ஸோ வடையை உறைப்புச் சம்பலோடு சாப்பிட வேண்டும். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்ட நண்டுக் குழம்பு இருக்கிறது. சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் மடித்துப் போறணையில் வேகவைத்த பறங்கியர் வீட்டு லம்ப்ரைஸை இன்னும் நிறையப் பேர் தேடிச் சாப்பிடுவதில்லை. ஒரு மத்தியானத்தை அதற்கே ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கராவில் 'டை'யில் வைப்பது

பக்கரா என்பது இரண்டு பக்கச் சீட்டில் எது வெல்லும் என்று காசு வைக்கும் ஆட்டம். 'டை' என்றால் இரண்டும் சமமாக வரும் என்று வைப்பது. எட்டு மடங்கு தருவார்கள் என்று மயங்காதீர்கள். அதில் வைக்கும் காசில் சராசரியாக 14 வீதத்துக்கு மேல் கசினோவுக்கு.

விலை கேட்காமல் நண்டு சொல்வது

பெரிய உணவகங்களில் நண்டு எடைக்கு ஏற்ற விலை. எடையையும் விலையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 18 வீதம் வற் வரி. 10,000 ரூபாய் நண்டு பில்லில் 12,980 ஆகும்.

சூதில் அடிபட்டவனை வற்புறுத்துவது

முன்பு சூதாடிக் கடன்பட்ட நண்பன் செட்டில் இருந்தால் கசினோவே வேண்டாம்.

கடைசி இரவைக் கசினோவுக்கு வைப்பது

தோற்றவன் பிளைட் நேரம் வரைக்கும் எழும்ப மாட்டான். கட்டுநாயக்கவுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடும் இல்லை. கசினோ முதல் இரவிலேயே முடியட்டும். கடைசி இரவு அப்பக்கடை ஒன்றில் முட்டை அப்பமும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு, பொதுக்காசில் மிச்சத்தைப் பங்கிட்டுவிட்டு நேரத்தோடு படுங்கள்.