இடுப்புத்தள எம்ஆர்ஐ: நோயாளி சரியாக முக்கினால்தான் படம்

கர்ப்பப்பை இறக்கம், மலம் முழுசாகப் போகாத உணர்வு, சிறுநீர்க் கசிவு என்று வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த இடுப்புத்தள (சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) ஸ்கேன். சும்மா படுத்திருக்கும்போது எடுத்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும், முக்கும்போதுதான் எது எவ்வளவு கீழே வருகிறது என்பது வெளிப்படும். அதனால் பாதி வேலை மெஷினுக்கு வெளியே, நோயாளியிடம் பேசுவதிலேயே முடிந்துவிடுகிறது.

மேஜையில் ஏற்றும் முன்பே, தனியறையில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். "அம்மா, உள்ளே வைக்கிறது வெறும் ஜெல்தான். நான் சொல்லும்போது கழிப்பறையில் முக்குற மாதிரி முக்கி அதை வெளியே தள்ளணும். கீழே டயாபர் இருக்கு, அழுக்காகும்னு கவலையே வேண்டாம்." இதைச் சொல்லாமல் விட்டால் கூச்சத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், அரைமணி நேரம் வீண்.

சிறுநீரை சுமார் 2 மணி நேரம் முன்பு கழித்துவிட்டு வரச் சொன்னால் போதும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதுவே இடத்தை அடைத்து மற்ற உறுப்புகளின் இறக்கத்தை மறைத்துவிடும். சாயம் ஏற்றுகிற ஊசி தேவையில்லை.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, மலக்குடலுக்குள் 120 முதல் 250 மிலி அல்ட்ராசவுண்ட் ஜெல் செலுத்துங்கள். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் படத்தில் கறுப்பு ஓட்டைகளாக விழும், முதலிலேயே தட்டி வெளியேற்றிவிடுங்கள். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, காயிலை (சிக்னலை வாங்கும் கருவி) வழக்கத்தைவிடக் கீழே இறக்கி வையுங்கள். மேலே வைத்துவிட்டால், வெளியே பிதுங்கும் பகுதியில்தான் சிக்னல் குறையும்.

தசைகளைப் பார்க்க மூன்று தளங்களிலும் டி2 (திரவம் வெளிச்சமாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) படங்கள் வேண்டும், ஆனால் ஜெல்லை அடக்கிக்கொண்டு கிடப்பது சிரமம் என்பதால் சீக்கிரம் முடியுங்கள். பிறகு பியூபிக் எலும்பு, சிறுநீர்க்குழாய், யோனி, மலக்குடல், வால் எலும்பு எல்லாம் ஒரே படத்தில் வரும் நடுச் சஜிட்டல் தளத்தில் (உடலை இட வலமாகப் பிரிக்கும் நடு வெட்டு) டைனமிக் வரிசை (அசைவைத் தொடர்ந்து எடுக்கும் படங்கள்): ஓய்வு, இறுக்கிப் பிடிப்பது, முக்குவது, கடைசியாக ஜெல்லை வெளியேற்றுவது. திரையில் வயிற்றுச்சுவரும் குடலும் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அவர் முக்கவே இல்லை, திரும்பச் சொல்லுங்கள்.

வெளியேற்றும் கட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மலக்குடல் காலியான பிறகுதான் சிலருக்குக் குடல் கீழே இறங்குவதே தெரியும், ஆகவே காலியானதும் இன்னொரு முறை முக்கச் சொல்லி எடுங்கள். பலமுறை முயன்றும் போகவில்லையா, கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கலாம். நன்றாக முக்கியும் ஜெல் வராமல், ஆசனவாய்க் கோணம் (மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தின் வளைவு) விரிவதற்குப் பதில் சுருங்கினால் அது தசை ஒத்துழைக்காததன் அறிகுறி, முயற்சி போதுமானதாக இருந்தது என்று கட்டாயம் குறித்துக்கொடுங்கள்.

அளப்பதற்கு பியூபிக் சிம்பஸிஸின் (முன்பக்கம் இரு பியூபிக் எலும்புகளும் சேரும் மூட்டு) கீழ்விளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டு வரை ஒரு கோடு. உறுப்பு அதற்குக் கீழே 3 செமீக்குள் இறங்கினால் லேசானது, 3 முதல் 6 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. மலக்குடலின் முன்சுவர் 2 செமீக்கு மேல் யோனிப் பக்கம் புடைத்தால் ரெக்டோசீல் என்று எழுதலாம். அதிகம் இறங்கிய படத்தில்தான் அளக்க வேண்டும், முதல் முக்கலில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.