கொலோன் சாக்லேட் அருங்காட்சியகம்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் ஆற்றங்கரையில் கண்ணாடிக் கப்பல் மாதிரி நிற்கிறது சாக்லேட் அருங்காட்சியகம். ஸ்டோல்வெர்க் சாக்லேட் நிறுவனத்தை நடத்திய ஹான்ஸ் இம்ஹோஃப் உருவாக்கி 1993-ல் திறந்த இடம் இது. உள்ளே போனதும் பலர் நேரே சாக்லேட் ஊற்றைத் தேடி ஓடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

ஊற்று அழகுதான், மறுக்கவில்லை. மூன்று மீட்டர் உயரம், சுமார் 200 கிலோ சாக்லேட். பணியாளர் வேஃபரை அதில் நனைத்துக் கையில் தருவார். ஒரே கடியில் தீர்ந்துவிடும். அதை முதலிலேயே தின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு மற்றக் கூடங்களில் மனம் ஒட்டாது. கொக்கோ மரம் வளரும் கண்ணாடிக் கூடத்திலிருந்து தொடங்குங்கள். உள்ளே நம் ஊர்ப் புழுக்கம். குளிர்காலத்தில் போனால் மூக்குக்கண்ணாடி சட்டென மங்கிவிடும். மரத்தின் அருகே போய் அடிமரத்தைப் பாருங்கள். பலா மாதிரி தண்டிலேயே காய்க்கிற மரம் இது. பூவோ விரல் நகத்தளவுதான்.

அடுத்து, பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்துப் போய் ஏமாறுவது. அங்கே இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆலை. சின்னது என்பதால்தான் ஒவ்வொரு வேலையும் பிரித்துப் பார்க்கும்படி தெளிவாகத் தெரிகிறது. அங்கே கொஞ்சம் நில்லுங்கள். புளிக்கவைத்துக் காயவைத்த கொக்கோ கொட்டையில் காடி வாடை தங்கியிருக்கும். வறுத்து அரைத்த பிறகும் மிஞ்சுகிற அந்தப் புளிப்பை ஓட்டி, விழுதை வழுவழுப்பாக்குவது கான்ச் என்ற இயந்திரம். 1879-ல் ரொடோல்ஃப் லின்ட் கண்டுபிடித்தது. மணிக்கணக்கில் விழுதைப் பிசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு நம் வெட் கிரைண்டர்தான் நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூர் இட்லி மாவு கிரைண்டரின் வழிவந்த கல் இயந்திரங்களில்தான் உலகின் பல சிறு சாக்லேட் பட்டறைகள் இன்றும் அரைக்கின்றன. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பொருள்களைத் தூவி சாக்லேட் கட்டி செய்து தரச் சொல்வதென்றால், கிளம்பும் நேரத்தில் கேட்காதீர்கள். அது குளிர்ந்து இறுக நேரமெடுக்கும். முன்னாலேயே சொல்லிவிட்டு, அப்புறம் சுற்றிப் பாருங்கள்.

கடைசித் தவறு, வாங்கி வந்த சாக்லேட்டை வைத்துக்கொள்வதில் வீட்டில் நடப்பது. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சென்னை வெயிலுக்கு ஃபிரிட்ஜை விட்டால் வழியில்லை. சரி, வையுங்கள், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். எடுத்ததும் திறக்காமல், டப்பாவின் குளிர்ச்சி முழுதும் போன பிறகு திறங்கள். இல்லையென்றால் ஈரம் படிந்து சர்க்கரை மேலே வெள்ளையாகப் பூக்கும். உருகி மறுபடி இறுகினாலும் கொழுப்பு அப்படித்தான் வெளுக்கும். பூஞ்சை என்று நினைத்து நல்ல சாக்லேட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சூடான பாலில் உடைத்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே மடக்கில் குடித்துவிடுவார்கள்.