வேம்பநாட்டுக் காயலில் மூன்று நாள்: பெங்களூருவிலிருந்து சிக்கனமாகச் சென்றுவர ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆலப்புழைக்குப் போகலாமா என்ற பேச்சு எழுவதும், படகு வீட்டின் வாடகையைக் கேட்டவுடன் அப்பேச்சு அடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. ஏனெனில், காயலை அருகிருந்து பார்ப்பதற்குப் படகு வீடு தேவையில்லை. நண்பகலில் ஏறி மறுநாள் காலை இறங்கும் படகு வீடு, மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால், மாலை ஐந்தரை மணியளவில் கரையோரம் கட்டப்பட்டுவிடும். அதாவது ஒரு நாள் வாடகையில் நீங்கள் நீரில் செல்வது சில மணி நேரமே. எஞ்சிய பொழுதுக்கு நீங்கள் கொடுப்பது ஒரு விடுதி அறையின் விலை, அதுவும் உயர்ந்த விலை.

அதே நீர்வழிகளில் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை, ஊர் மக்களுக்காகப் பயணிகள் படகுகளை நாள்தோறும் இயக்குகிறது. பயணத் திட்டத்தை இப்படகுகளைச் சுற்றியே அமைத்துக்கொள்ளுங்கள். கோட்டயத்தின் கோடிமதை படகுத்துறையிலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் படகு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வாய்க்கால்களிலும் காயலிலும் செல்கிறது. கட்டணம் ஒருவருக்கு 100 ரூபாய்க்கும் குறைவு. வழியில் பள்ளிப் பிள்ளைகளும், காய்கறிப் பையோடு வரும் பெண்களும் ஏறி இறங்குவார்கள். இருபுறமும் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் குட்டநாட்டு வயல்களைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் இம்முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

முதற்செலவு ரயில். பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு மறுநாள் காலையில் கோட்டயத்தை அடைகிறது. படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 500 ரூபாய்க்குள் முடியும். அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதியினர் கண்டோன்மெண்டிலும், ராமமூர்த்தி நகர்ப் பக்கத்தினர் கிருஷ்ணராஜபுரத்திலும் ஏறிக்கொண்டால் ஆட்டோச் செலவு மிஞ்சும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குவதால், விடுமுறைத் தேதி தெரிந்த அன்றே நாட்காட்டியில் அந்நாளைக் குறித்துவைப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

தங்குவதற்கு ஆலப்புழை நகரில், படகுத்துறையிலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு குடும்பம் நடத்தும் தங்கும் வீட்டைத் தேடுங்கள். காயலை நோக்கிய அறைக்குக் கூடுதல் வாடகை கேட்பார்கள்; பகலெல்லாம் நீரில் இருந்துவிட்டு உறங்க மட்டுமே அறைக்குத் திரும்பும் உங்களுக்கு அது வீண். அறையைப் பேசும்போதே காலை உணவு சேருமா, பாட்டி தாத்தாவுக்குத் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, கொசுவலை உண்டா என்று கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களில் வாடகை ஏறிவிடும். தசரா விடுமுறையில் போனால் பிற்பகலில் இடி மழை பெய்யக்கூடும், ஆகவே படகுப் பயணங்களைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மழை விட்டபின் கடற்கரைக்குப் போகலாம். 1862-இல் கட்டப்பட்ட பழைய கடற்பாலத்தின் தூண்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஆலப்புழைத் துறையிலிருந்து நெடுமுடிக்கோ காவாலத்துக்கோ படகேறிப் போய்த் திரும்புங்கள். அலுவலகமும் பள்ளியும் தொடங்கும் நேரத்தை விட்டுவிட்டுச் சற்றுப் பின்னர் ஏறுவது ஊராருக்கு நாம் செய்யும் மரியாதை. உங்களுக்கும் சன்னலோர இருக்கை கிடைக்கும். குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழைய வேண்டுமென்றால் மட்டும் சிறு படகை மணிக்கணக்கில் அமர்த்தி, நேரத்தையும் தொகையையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். உணவகத்தில் கரிமீன் கேட்டாலும் இதே விதிதான், ஏனெனில் அதன் விலை அளவைப் பொறுத்து மாறும். மற்றபடி, ஊர்க்காரர்கள் உண்ணும் கடைகளில் மீன் குழம்போடு கிடைக்கும் மதியச் சாப்பாடு வயிற்றையும் பையையும் ஒருசேரக் காக்கும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற, அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்த படகு காயலில் மூழ்கி 29 பேர் உயிரிழந்தார்கள். கூட்டம் மிகுந்த படகு வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். தனியார் படகில் குழந்தையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள்.

மூன்றாம் நாள் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆலப்புழையிலிருந்து பேருந்தில் முகம்மாவுக்குப் போய், அங்கிருந்து காயலைக் குறுக்கே கடக்கும் அரசுப் படகில் குமரகம் சேர்ந்து, மீண்டும் பேருந்தில் கோட்டயம் வந்துவிடலாம். கரைகள் இரண்டும் விலகி நீர் மட்டுமே தெரியும் அந்தச் சிறு பயணத்தில்தான் காயலின் அகலம் புரிகிறது. தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் உப்புநீரைத் தடுக்க மூடப்பட்டிருக்கும் கோடை மாதங்களில் ஆகாயத்தாமரை அடர்ந்து படகுகளைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், ரயிலுக்கு மூன்று மணி நேரமாவது முன்னதாகக் கோட்டயம் வந்துவிடும்படி கிளம்புங்கள். மிஞ்சும் நேரத்தில் இரவு உணவை அங்கேயே கட்டி வாங்கிக்கொண்டு, தண்ணீர்ப் புட்டிகளையும் நிரப்பிக்கொள்ளலாம்.